ஒன்பதாம் மாத ஸ்கேன்: எதைப் பார்க்க?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எனக்கு ஒன்பதாம் மாதம். இதுவரை எடுத்த ஸ்கேன் எல்லாம் நார்மல். கடைசியாக இன்னொன்று எடுக்க வேண்டுமா?" அதற்கு, 'உங்கள் மருத்துவர் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒற்றை வரியில் பதில். தப்பான பதில் இல்லை. ஆனால் காலையில் எந்தக் குழப்பத்தோடு பேப்பரைப் பிரித்தாரோ அதே குழப்பத்தோடுதான் அந்தப் பெண் ராத்திரியும் படுத்திருப்பார். அவருக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். 1987இல் சேர்ந்தேன், 2019இல் ஓய்வு. சேர்ந்த புதிதில் கருவி என்றால் ஒரு டேப், வயிற்றில் வைத்துக் காது கொடுத்துக் கேட்கிற ஒரு குழல், அப்புறம் ரெண்டு கை. பருத்திக்காட்டிலிருந்து வந்த பெண்ணைத் திண்ணையில் படுக்க வைத்து, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றைப் பிடித்துப் பார்ப்போம். கெட்டியாக, உருண்டையாக, லேசாகத் தட்டினால் ஆடுவது தலை. மெத்தென்று அகலமாக இருப்பது பிட்டம். இந்தக் கைக்கணக்கில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் ஏரியாப் பெண்கள் கையில் ஸ்கேன் படத்தைப் பார்க்க ஆரம்பித்தது 1990களின் நடுவில். நான் ஸ்கேனுக்கு எதிரி இல்லை. முதல் மூன்று மாதத்தில் ஒன்றும் ஐந்தாம் மாதத்தில் ஒன்றும் எடுக்காத பெண்ணை வீடு தேடிப் போய்த் திட்டியிருக்கிறேன். 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. என் பேச்சு கடைசி மாதத்தில் 'சும்மா ஒரு தடவை பார்த்துருவோமே' என்று எடுப்பதைப் பற்றி.

என் சர்வீஸில் நான் அதிகம் சண்டை போட்டது பிரசவத் தேதிக்காகத்தான். ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்டிலும் ஒரு தேதி அச்சடித்து வரும். மூன்று ஸ்கேன் எடுத்தால் மூன்று தேதி. வீட்டில் கடைசிச் சீட்டைத்தான் நம்புவார்கள், புதுசு என்பதால். உண்மையில் பழசுதான் சரி. ஆரம்ப மாதங்களில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே அளவில் வளரும்; அதனால் நீளத்தை அளந்து சொல்கிற தேதி ஐந்து நாள், ஒரு வாரத்துக்கு மேல் தப்பாது. ஒன்பதாம் மாதத்தில் அப்படியா? ஒரு பிள்ளை அப்பனைப் போல வாட்டசாட்டம், ஒன்று ஆத்தாளைப் போலச் சின்ன உருவம். மெஷினுக்கு அது தெரியாது. 'இந்த அளவு இருந்தால் வழக்கமாக இத்தனை வாரம்' என்று ஒரு கணக்குப் போட்டுத் தருகிறது. அந்தக் கணக்கு மூன்று வாரம் வரை முன்னே பின்னே போகும்.

ஒரு பெண்ணுக்கு ஆரம்ப ஸ்கேன்படி மார்ச் 4. ஒன்பதாம் மாதம் டவுனில் அவர்களாகவே போய் எடுத்த ஸ்கேனில் மார்ச் 20. மார்ச் 14ஆம் தேதி நான் வீட்டுக்குப் போனபோது மாமியார் சாவகாசமாகச் சொல்கிறார், "இன்னும் ஆறு நாள் கெடக்கே நர்ஸம்மா." அன்றைக்கு அவளுக்கு 41 வாரம் தாண்டி மூன்று நாள். ஆட்டோ பிடித்து நானே கூட்டிக்கொண்டு போனேன். பனிக்குடம் உடைந்தபோது நீர் பச்சையாக வந்தது. பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருந்தது. நல்லவேளை, பிழைத்தது. எடை 2.2 கிலோ. அந்த ஸ்கேன் சொன்னது பொய்யில்லை, 'பிள்ளை சின்னது' என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நாள் ஆகவில்லை, அதனால்தான் சின்னது என்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். நாள் ஆகியும் சின்னதாக இருக்கிறதே என்று யாரும் பதறவில்லை. அதற்கப்புறம் தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் முதல் ஸ்கேன் தேதியைச் சிவப்பு மையில் எழுதி, 'இதுதான் தேதி, மாற்றாதே' என்று கீழே கோடு போட ஆரம்பித்தேன். அதற்காக ஒரு இளம் டாக்டரிடம் திட்டும் வாங்கினேன், அட்டையை அசிங்கப்படுத்துகிறேன் என்று.

அடுத்தது மாலை சுற்றல். ரிப்போர்ட்டில் கழுத்தைச் சுற்றிக் கொடி இருக்கிறது என்று ஒரு வரி வந்துவிட்டால் அந்த வீட்டில் அன்று உலை வைக்க மாட்டார்கள். நாலைந்து பிரசவத்தில் ஒன்று இப்படித்தான் வரும். தலை வெளியே வந்ததும் விரலை விட்டு அந்த வளையத்தைத் தலை வழியாகக் கழற்றிவிடுவோம், பெரும்பாலும் அவ்வளவுதான் வேலை. வெறும் கொடி சுற்றல் மட்டும் அறுவைக்குக் காரணம் ஆகாது. ஆனால் பயம் யாரை விட்டது? ஒருமுறை கர்ப்பிணியின் அண்ணன் என்னைத் தேடி வந்தார். தங்கையைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தயங்கித் தயங்கிக் கடைசியில் கேட்டது இது: "மாலை சுத்திப் பிறந்தா மாமனுக்கு ஆகாதாமே, ஆபரேஷன் பண்ணி எடுத்தா அது கணக்குல வராதுல்ல?" சுகப்பிரசவம்தான் ஆனது. கிண்ணத்து நல்லெண்ணெயில் பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நேரில் பார்த்தார் மனிதர். இன்றும் திடமாகத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார்.

'தண்ணி கம்மி' இன்னொன்று. பனிக்குட நீரை நாலு இடத்தில் அளந்து கூட்டிச் சொல்வது ஒரு முறை, ஆழமான ஒரே ஒரு இடத்தை அளப்பது இன்னொரு முறை. கூட்டுகிற முறையில் 'கம்மி' என்று பெயர் வாங்குகிற பெண்கள் கூடுதல். வலி வரவழைப்பதும் அறுவையும் கூடுதல். ஆனால் அதனால் பிள்ளைகளுக்குக் கூடுதல் நன்மை ஒன்றும் கிடைக்கவில்லை என்று இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் சொல்கின்றன. ரத்த அழுத்தம் இருக்கிற பெண்ணுக்கு, பிள்ளை வளராத பெண்ணுக்கு நீர் குறைவது வேறு விஷயம். அதை லேசாக எடுக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருக்கிற ஒருத்திக்கு 38ஆம் வாரத்தில் எண் ஒன்று குறைந்ததும் அன்று சாயங்காலமே அறுவை என்பதைத்தான் சொல்கிறேன். எடையும் அப்படியே. 3.6 கிலோ, பெரிய பிள்ளை, இடுப்பு கொள்ளாது என்று சொல்லி அறுத்து எடுத்த ஒரு பிள்ளையை நானே தராசில் போட்டேன். 3.2. மெஷின் மேல் தப்பில்லை, எடைக் கணக்கில் பத்துப் பதினைந்து சதவீதம் தவறுவது சாதாரணம். அதை யாரும் அந்தத் தாயிடம் சொல்லவில்லை என்பதுதான் தப்பு. தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 அறுவை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது; தனியாரில் 64, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இத்தனைக்கும் ஸ்கேன்தான் காரணம் என்று சொன்னால் அது அநியாயம். ஆனால் அறுவைக்குப் போகிற வழியில் அதுவும் ஒரு வாசல்.

இதே வாயால் இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 2009இல் ஒரு பெண். ஐந்தாம் மாத ஸ்கேனில் நச்சுக்கொடி (கர்ப்பப்பையில் ஒட்டியிருந்து பிள்ளைக்கு ஊட்டம் தருகிற பிளசென்டா) கர்ப்பப்பை வாய்ப்பக்கம் கீழே இறங்கி இருக்கிறது, 32 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். இப்படிக் கீழே இருப்பதில் பெரும்பாலானவை கர்ப்பப்பை வளர வளர மேலே போய்விடும். போகாதது சிலதுதான், ஆனால் அது உயிரைக் குடிக்கும். அந்தப் பெண்ணுக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, அதனால் போகவில்லை. நானும் இரண்டு தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். 35ஆம் வாரம், ராத்திரி பதினொன்றரைக்கு ரத்தம், வலியே இல்லாமல். அப்படி வந்தால் உள்ளே கை விட்டுப் பார்க்கவே கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். 108 வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். வண்டியில் ஏற்றித் திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும் வரைக்கும் அவள் கையை நான் விடவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், ஏழு பாட்டில் ரத்தம் ஏற்றி. அவளுக்கு அந்தக் கடைசி ஸ்கேன் 'சும்மா' இல்லை. அதற்கு ஒரு கேள்வி இருந்தது: நச்சுக்கொடி மேலே போய்விட்டதா இல்லையா?

இப்போது என் மகள் கதை. போன வருஷம் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குச் சென்னையிலிருந்து வீட்டுக்கு வந்தாள். ஃபைலில் நாலு ஸ்கேன், எல்லாம் நன்றாக இருந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை ஒன்றும் இல்லை. 36ஆம் வாரம் சம்பந்தியம்மா போனில், "எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துருங்க மதினி, மனசுக்குத் திருப்தியா இருக்கும்" என்றார். நான் பிடித்துப் பார்க்காத வயிறா? "தலை கீழதான் இருக்கு, நான் தொட்டுப் பாத்துட்டேன், வேண்டாம்" என்றேன். மகள் சிரிக்காமல் சொன்னாள், "அம்மா, உன் கைக்குக் கவர்மென்ட்டே ரிட்டயர்மென்ட் குடுத்தாச்சு."

மாப்பிள்ளை கம்ப்யூட்டர்க்காரர். ராத்திரியெல்லாம் போனில் படித்துவிட்டுக் காலையில் எனக்குச் சாதகமாகத்தான் ஆரம்பித்தார். 24 வாரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் வழக்கமாக ஸ்கேன் எடுப்பதைப் பற்றி 13 ஆய்வுகளை, 34,980 பெண்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு 2015இல் வந்திருக்கிறதாம். தாய்க்கோ பிள்ளைக்கோ அதனால் நன்மை எதுவும் தெரியவில்லை. நெதர்லாந்தில் ஆபத்து இல்லாத 13,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வந்திருக்கிறது. அதில் சின்னப் பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடித்தது கூடியிருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்கு நேர்ந்த கடுமையான பாதிப்பு குறையவில்லை. நான் சம்பந்தியம்மாவுக்குப் போன் போடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைப் படித்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் முதல் பிரசவப் பெண்கள் 3,879 பேருக்கு 36 வார வாக்கில் ஸ்கேன் எடுத்தபோது 179 பேருக்குப் பிள்ளை தலை மேலே, பிட்டம் கீழே. அதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அப்படி இருக்கும் என்று அதற்கு முன் யாருமே சந்தேகப்படவில்லை. அத்தனை வயிற்றையும் பயிற்சி பெற்றவர்கள் தொட்டுப் பார்த்திருப்பார்கள்தானே?

எனக்குக் கோபம் வந்தது. வெள்ளைக்காரிக்குக் கைப்பழக்கம் போய்விட்டது, அதற்கு நான் என்ன செய்ய என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். என் மகள் வயதுதான் அந்த டாக்டருக்கு. நிதானமாக வயிற்றைப் பிடித்துப் பார்த்தார். "எனக்கும் தலை மாதிரிதான் தோணுதும்மா, ஆனா நூத்துக்கு நூறு சொல்ல முடியல. நச்சுக்கொடி முன்பக்கம் ஒட்டியிருக்கு, அதுல கைக்குச் சரியாத் தெரியாது. பிள்ளை எப்படி இருக்குன்னு மட்டும் பாக்கச் சொல்லி எழுதுறேன்" என்றார். சீட்டில் அந்த ஒரே ஒரு வரியைத்தான் எழுதினார். ஸ்கேன் ரூமில் ஐந்து நிமிஷம். நான் தலை என்று தடவிக்கொண்டிருந்தது என் பேத்தியின் பிட்டம்.

முப்பத்திரண்டு வருஷம். வீட்டுக்கு வருகிற வழியில் மகள் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 37 வாரத்தில் வெளியிலிருந்து கையால் வயிற்றை அமுக்கிப் பிள்ளையைத் திருப்பிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அந்தக் காலத்து மருத்துவச்சிகள் விளக்கெண்ணெய் தடவி இதைச் செய்து சில நேரம் ஆபத்தில் முடிந்ததைக் கேட்டிருக்கிறேன். இப்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டே, பிள்ளையின் துடிப்பைக் கவனித்துக்கொண்டே, அறுவை அரங்கு தயாராக உள்ள இடத்தில் மட்டும் செய்கிறார்கள். பாதிக்குப் பாதி பலிக்கும். எங்களுக்குப் பலிக்கவில்லை. 39ஆம் வாரம் காலை பத்து மணிக்கு, ரத்தம் தயாராக வைத்து, மயக்க மருத்துவர் பக்கத்தில் இருக்க, நிதானமாக அறுவை. பெண் குழந்தை, 2.9 கிலோ. ஸ்கேனில் 3.2 என்று போட்டிருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஸ்கேன் எடுக்காமல் விட்டிருந்தால் இது எங்களுக்கு எப்போது தெரிந்திருக்கும்? நடு ராத்திரி வலி வந்து, பனிக்குடம் உடைந்து, முதலில் ஒரு கால் வெளியே வந்த பிறகு.

ஆகவே அந்த வாசகிக்கு என் பதில் எடு என்பதும் இல்லை, எடுக்காதே என்பதும் இல்லை. 'எதைப் பார்க்கப் போகிறீர்கள்? அது இப்படி இருந்தால் என்ன செய்வீர்கள், அப்படி இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று டாக்டரிடம் கேளுங்கள் அம்மா. பதில் இருந்தால் எடுங்கள். 'சும்மா ஒரு திருப்திக்கு' என்பது பதில் இல்லை. பிள்ளை தலை கீழாக இருக்கிறதா என்று 36 வாரத்தில் பார்ப்பது, என்னைக் கேட்டால், நல்ல கேள்வி. என் கையே அதற்குச் சாட்சி. நச்சுக்கொடி கீழே என்று முன்பு எழுதியிருந்தால், முந்தைய பிரசவம் அறுவை என்றால், ரெட்டைப் பிள்ளை என்றால், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால், டேப்பில் வயிறு வளராமல் நின்றால், கேள்வி தானாகவே இருக்கிறது. அங்கே தயங்காதீர்கள். பிள்ளை அசைவு குறைந்தது போல் தோன்றினால் ஸ்கேனுக்கு நாள் குறித்துக்கொண்டு காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இனிப்புத் தண்ணி குடித்துப் பார்ப்போம், விடியட்டும் என்கிற பேச்சை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். போன வாரம் எடுத்த ஸ்கேன் நன்றாக இருந்தது என்பதெல்லாம் இந்த வாரத்துக்குச் செல்லாது.

நம் ஊரில் இதைக் கேட்கப் புதிதாக எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டப்படி, கர்ப்பிணிக்கு எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். 'என் கருவின் பாலினத்தை அறிய விரும்பவில்லை' என்று நாம் கையெழுத்துப் போடுகிறோமே, அதே தாள்தான். அதில் எதற்காக இந்த ஸ்கேன் என்று இருபதுக்கும் மேற்பட்ட காரணங்கள் வரிசையாக உண்டு: பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, நச்சுக்கொடி எங்கே, நீர் எவ்வளவு, வளர்ச்சி எப்படி என்று. அதில் எதையாவது குறித்தே ஆக வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடுகிற பெண்ணுக்கு அதை யாரும் வாசித்துக் காட்டி நான் பார்த்ததில்லை. பேனாவைக் கையில் கொடுத்து 'இங்க, இங்க' என்பார்கள். எந்தக் காரணத்தைக் குறித்திருக்கிறார்கள் என்று அந்த ஒரு நிமிஷத்தில் கேளுங்கள்.

சுகாதாரத் துறை அதிகாரிகள் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்றால் இரண்டு கோரிக்கை. குறித்த காரணத்தைத் தாய் சேய் நல அட்டையில் தமிழில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கடைசி மாத ரிப்போர்ட்டில் அச்சாகிற அந்தப் புதுத் தேதிக்குப் பக்கத்தில், 'பிரசவத் தேதிக்கு முதல் ஸ்கேனையே பார்க்கவும்' என்று போடச் சொல்லுங்கள். சிவப்பு மையாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கோவில்பட்டி வட்டம்.

(பெயரைப் போட வேண்டாம். சம்பந்தியம்மாவும் உங்கள் வாசகிதான்.)